கண்டியில் நங்கூரம் போட்டவர்கள்

கடற்கரையிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில், மலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு பாய்மரப் படகுக்காரருக்கு அறை வாடகைக்குக் கொடுப்பதென்பது, மீனுக்கு மரத்தில் கூடு கட்டிக் கொடுக்கிற தொழில். வீட்டில் அந்நியரை வைத்துச் சோறு போட்ட சகோதரிகளே, உங்களுக்கு விளங்கும்.

என்னோடு கான்வென்டில் படித்த ஒருத்தி தெற்கே காலி என்ற துறைமுக ஊரில் இருந்தாள். அங்கே வந்து நிற்கும் படகுகளுக்குத் தண்ணீர், டீசல், சுங்க வேலை எல்லாம் பார்ப்பவர் அவளுடைய கணவர். சண்டைக் காலம். தண்ணீருக்கடியில் யாரும் குண்டோடு நீந்தி வந்துவிடாமல் கடற்படையினர் துறைமுகத்துக்குள் இரவிரவாக வெடி போடுவார்களாம். படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்குமாம். அப்படி நித்திரை கெட்டவர்களை அவள் ரயிலேற்றி எனக்கு அனுப்புவாள். என் வீட்டுக்காரர், இவர், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவார். ஊரடங்கு எப்போது, எந்தச் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும், அட்டை கடித்தால் என்ன பூசுவது என்ற தகவல் இலாகா முழுக்க நான்தான்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் தெருவில் தமிழர் வீடுகள் எரிந்தன. எங்களுடையது தப்பியது. அன்றிலிருந்து டொரண்டோவில் இருக்கும் மச்சாள், இவருடைய அக்கா, விடாமல் போன் எடுப்பா. "வீட்டை வித்துப்போட்டு வாங்கோ." இவர் ரிசீவரை என் கையில் தந்துவிடுவார். "நீயே சொல்லு." போவதா, இருப்பதா என்று சொல்லவேண்டியவள் நான். எனக்கோ அடுப்பில் பருப்பு.

ஆடாத ஊர்

ஒரு டச்சுக்காரர். விடிய தேநீரோடு போனால் கட்டில் வெறுமை. மனிதர் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே தலையணையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். கடலில் உருண்டு விழாமல் இப்படி இடுக்கில் செருகிக்கொண்டுதான் தூங்குவார்களாம். விறாந்தைக்குக் கூட்டி வந்தேன். பனிப்புகார் ஹந்தானை மலையைக் கழுத்துவரை மூடியிருந்தது. மேலே மலைமுடிகள் மட்டும் தீவு தீவாக மிதந்தன. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "இங்கே எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். எனக்கும் ஒரு கணம் எங்கள் வீடே மெல்ல நங்கூரக் கயிற்றை இழுக்கிற மாதிரித்தான் இருந்தது.

அன்று பின்னேரம் ஏரிக்கரையில் காலை அகட்டி அகட்டி நடந்தவரைப் பொலிஸ்காரர் பிடித்து நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி மீட்டேன். வரும் வழியில் முறைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "மேடம், நான் குடிக்கவில்லை. உங்கள் ஊர்தான் ஆடாமல் நிற்கிறது."

குவளைத் தண்ணீர்

பிரெஞ்சுக்காரி ஒருத்தி உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் வந்தாள். குழாயைத் திறக்கவே இல்லை. ஒரு குவளைத் தண்ணீரில் எல்லாக் கோப்பைகளையும் கழுவி, மிச்சத்தில் முகமும் துடைத்துக்கொண்டாள். குழாய் இருக்கிறதே பிள்ளை என்றேன். படகில் தண்ணீரை அளந்தே பழகிய கை போகவில்லை என்றாள். எங்களுக்கு வேலைக்கு வருகிற பாக்கியம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்காரி; அங்கே லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, இவங்க கப்பல்ல வரலம்மா. எங்க லயத்துல பொறந்து வளந்திருக்காங்க."

சிங்கமும் இரண்டு பட்டியும்

எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் போனாலும் அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏற்றவேண்டும். அது படகுக்காரரின் வழக்கம். ஒரு ஆஸ்திரேலியருடைய இலங்கைக் கொடி காற்றில் நார் நாராகிவிட்டது. கொழும்பில் வாங்கலாம் என்று தகவல் சொல்லிவிட்டு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவர் தானே தைக்கப்போவதாக ஊசியைப் பிடித்த விதம் இருக்கிறதே! கன்னியாஸ்திரிகளிடம் அடி வாங்கித் தையல் பழகியவளுக்கு அது பொறுக்குமா? பிடுங்கிக்கொண்டேன்.

நான் சிங்களச் சிங்கத்தின் கையில் வாளைத் தைத்துக்கொண்டிருக்கையில் இவர் வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போனார். ஆஸ்திரேலியர் கீறித் தந்த படத்தில் சிங்கம் மட்டும்தான் இருந்தது. பச்சைப் பட்டி முஸ்லிம்கள், செம்மஞ்சள் பட்டி தமிழர் நாங்கள், இரண்டையும் விட்டுவிட்டீர் என்று கடிந்துகொண்டு, ஓரத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு பட்டியையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"கம்பத்தோடு ஒட்டிய பக்கமா நீங்கள்? கவலைப்படாதீர்கள், காற்றில் கடைசியாகக் கிழிவது அந்தப் பக்கம்தான்."

இறங்கும் நேரம்

ஒருநாள் ஊருக்குள் குண்டு வெடித்தது. மத்தியானமே ஊரடங்கு. இவர் பேராதனையிலிருந்து நடந்து வந்து சேரும்வரை எனக்கு உயிர் இல்லை. விறாந்தையில் வயதான இங்கிலாந்துத் தம்பதி. வீடு வாசலை விற்றுப் படகில் ஏறியவர்கள். ஏரிக்கு மேலே புகையோ பனிப்புகாரோ, வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. மச்சாளின் போன் வந்தது. "இப்பவாவது வெளிக்கிடுங்கோ! பிறகு நினைச்சாலும் வரேலாது." இவர் வழக்கம்போல ரிசீவரை நீட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இங்கிலாந்து அம்மாளைப் பார்த்து, "உங்கள் படகுக்குள் தண்ணீர் ஏறினால் எப்போது விட்டு இறங்குவீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் பின்னல் வேலையை நிறுத்தவில்லை. "பயந்து முன்னதாகவே ரப்பர் தோணியில் குதித்தவர்கள் பலபேர் திரும்பவில்லை. அவர்கள் விட்டுப்போன படகு பிறகு மிதந்தபடியே கிடைத்திருக்கிறது. தோணிக்குள் இறங்கிப் போகக்கூடாது. ஏறிப் போகவேண்டும். படகு அவ்வளவு தாழ்ந்த பிறகுதான்."

சேற்றுச் சப்பாத்தோடு கதிரையில் இருந்த இவர் மெதுவாகக் கேட்டார்: "எங்கட வீட்டில இப்ப தண்ணி எவ்வளவு மட்டும்?"

"முழங்கால்."

"இடுப்பு," என்றார் இவர்.

"முழங்கால்தான். வீடு கூட்டுறது நான்."

இவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு ரிசீவரை வாங்கி, "இப்ப இல்லை மச்சாள்," என்றேன். ரிசீவரை வைத்தேன். அந்த அம்மாள் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. ஆனால் தோணியைக் கைக்கெட்டும் தூரத்தில் கட்டி வையுங்கள்."

அடுத்த வாரமே எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புதுப்பித்துவிட்டு வந்து, காலியிலிருந்து ரயிலேறிய அடுத்த ஆளுக்கு விரிப்பு மாற்றப் போனேன். இந்தத் தொழிலில் வருகிறவன் வழி கேட்பான், போகிறவன் வழி சொல்வான், இருக்கிறவளுக்குத் தலையணை உறை துவைத்தே காலம் போகும்.