கடல் வராத ஒன்பது வாரம்

ஆமாம், பொய் சொன்னார். ஒன்பது வாரம், சனிக்கிழமைக்கு ஒன்றாக. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

தம்பையா அங்கிள் போய்விட்ட செய்தி ஒரு நாள் காலையில் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டில் தொலைபேசி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஈரத் தலையோடு இறங்கி வந்தேன். அவருடைய தங்கை இராசம்மா ஆன்டி பேசினார். "அண்ணன் விடிய எழும்பேல்லை, பிள்ளை." அவ்வளவுதான். பின்னால் யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் எழுதித் தரச் சொன்னவரும் இராசம்மா ஆன்டிதான். நல்லதாக நாலு வரி போதும் என்றார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவருடைய மேசை முன்னால் நின்றவர்கள். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம், கீழ்த்தளம். கணவனோ மகனோ கப்பலில் வேலை செய்தால் சனிக்கிழமை மதியம் அங்கே போவோம். அவர் கப்பல்களைப் பற்றித் தந்தி போல வந்த டெலெக்ஸ் தாள்களைப் புரட்டுவார். சரக்குப் பெட்டியில் கட்டும் பழுப்பு அட்டை ஒன்றை எடுப்பார். ஒரு முனையில் துளை, துளையில் நூல். அதில் தேதி. தேதிக்குக் கீழே ஐந்து ஆங்கில எழுத்துகள். முதல் இரண்டு நாடு, அடுத்த மூன்று துறைமுகம். MYPKG என்றால் நாம் நிற்கிற இடம். SGSIN சிங்கப்பூர். LKCMB கொழும்பு. வாயால் சொன்னால் பஸ் ஏறுவதற்குள் மறந்துபோகும், அட்டை என்றால் வீட்டில் மாட்டலாம் என்பது அவர் கணக்கு.

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் இல்லாத வாரம் தேதியை மட்டும் எழுதுவார். கீழே ஒன்றும் இருக்காது. வெறும் அட்டை என்றால் கடல்.

எங்கள் வீடு கிள்ளானில், மேரு ரோட்டில். அப்பா சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் இருந்தார். அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அட்டைகளைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டினார். மின்விசிறி சுற்றினால் அவை ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொள்ளும். நான் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். ஒரு தட்டுக்கு ஓர் ஊர். வெறும் அட்டை வந்த வாரங்களில் பள்ளி அட்லசைத் திறந்து, நீலத்தின் மேல் விரலை வைத்தபடி கண்ணை மூடுவேன். விரல் ஈரமாவது போலிருக்கும்.

அம்மா அவரை அண்ணே என்பார். அட்டையை வாங்கியதும், இது எந்தப் பக்கம் என்று கேட்பார். அவர் பேனாவால் காட்டுவார். ஆப்பிரிக்கா, தீயணைப்பு வாளி தொங்கிய சுவர். ஆஸ்திரேலியா, மாடிப்படி. ஐரோப்பா, கழிப்பறை இருந்த பக்கம். அம்மா ஒவ்வொரு முறையும் திரும்பி அந்தத் திசையைச் சற்று நேரம் பார்ப்பார். பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்: "பாஸ், ஐரோப்பா அடைச்சிக்கிச்சு லா. ஆள் கூப்பிடணும்." வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

மேரு ரோட்டுக்கு என்ன எழுத்து என்று நான் கேட்டிருக்கிறேன். கப்பல் வராத இடத்துக்கு எழுத்து இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர் எவ்வளவு பெரிசெண்டாலும் அதுக்கு அஞ்சு எழுத்துதான், பிள்ளை. சின்ன ஊருக்கும் அதே அஞ்சு. உன்ர ஊருக்குக் கணக்கே இல்லை" என்றார். இங்கேயே பிறந்தவர். பேச்சு மட்டும் அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டு, அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்கு அடுத்து உண்டானது தங்கவில்லை. அதனால் வீட்டில் எல்லாமே மெல்ல நடந்தது. கதவைக்கூட மெல்லச் சாத்தினோம். அம்மா வேலையை விட்டிருந்தார். ஆனால் சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போவதை விடவில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு உடன் போவேன்.

அப்போது வந்த அட்டை DJJIB. ஜிபூட்டி. வாளி பக்கம்.

அடுத்த வாரம் KEMBA, மொம்பாசா. அதற்கடுத்த வாரமும் அதுவே. பிறகு தாருஸ்ஸலாம். மடகாஸ்கரில் தமத்தாவ், இரண்டு வாரம். மொரிஷியஸில் போர்ட் லூயி, இரண்டு வாரம். கடைசியாக ஃப்ரீமாண்டில், அதுவும் இரண்டு வாரம். அப்பா கீழே, கீழே, இன்னும் கீழே போய்க் கிழக்கே திரும்பினார். இன்று நினைத்தாலும் அழகான பயணம். தீவுகளாக இருந்தது. அந்த ஊர்களில் மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்பதாவது அட்டை வந்த இரவு ஆணியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பினேன். பழைய அட்டைகளில் மூன்றுக்கு ஒன்று வெறுமை. சில மாதங்களில் இரண்டு. புதிய ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. எல்லாச் சனிக்கிழமையும் கப்பல் ஏதோ ஒரு கரையில் நின்றது. நடுவில் கடலே இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சீருடையோடு துறைமுகத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"ஏன் அங்கிள் கடலே வரல?"

அவர் பொட்டலத்தை மடித்தார். கை கழுவிவிட்டு வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டெலெக்ஸ் தாளை எடுத்து, என்னைப் பெரிய ஆளாக நினைத்து, முழுவதையும் சொன்னார். கப்பல் ஜிபூட்டியை விட்டு நகரவே இல்லை. அதன் முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. துறைமுகம் கப்பலைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆட்கள் அதிலேயே இருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. எப்போது விடுவார்கள் என்பது தெரியாது.

பிறகு சொன்னார்: "கொம்மாட வயித்தைப் பாத்துக்கொண்டு ஒரே ஊரைத் திருப்பித் திருப்பி எழுதேலாது. வெறும் அட்டை குடுக்கவும் கை வரேல்லை. கடல் எண்டா பயப்பிடுவா. அதுதான் கரையாப் பாத்து எழுதினனான்."

நான் அழவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"நீ சொல்லு. வாற சனி என்ன எழுதட்டும்?"

யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நிறைய நேரம் யோசித்தேன். ஊர்ப் பெயர் எழுதினால்தானே பொய், ஒன்றும் எழுதாவிட்டால் பொய் இல்லையே என்று தோன்றியது. கடலைப் பார்த்து அம்மா பயப்படுவார் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எனக்குப் பிடித்தது கடல்தான்.

"வெறும் அட்டை குடுங்க, அங்கிள்."

கொடுத்தார். மூன்று சனிக்கிழமை.

முதல் வெறும் அட்டையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஃப்ரீமாண்டிலிலிருந்து கிள்ளானுக்குக் கப்பலில் பத்து நாள் என்று வரிசையில் நின்ற யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டைகளைத் துவைத்தார். அந்த வாரமே தம்பி பிறந்தான். அப்பா கடல்மேல் வந்துகொண்டிருக்கிறார் என்று அவனுக்குச் சாகரன் என்று பெயர் வைத்தார். பத்து நாள் கடந்தது. இரண்டாவது அட்டைக்கும் மூன்றாவது அட்டைக்கும் நான் மட்டும் போனேன். பச்சை உடம்போடு அம்மா வாசல் பக்கமாகப் பாயைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை அட்டையில் மூன்றே எழுத்து: KUL. அம்மா விரலால் எண்ணிவிட்டு, "மீதி ரெண்டு எங்க?" என்றார். விமான நிலையத்துக்கு மூன்றுதான் என்று அட்டையைத் தரும்போதே அங்கிள் என்னிடம் சொல்லியிருந்தார். ஆட்களை விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சுபாங் விமான நிலையத்துக்குப் போனோம். அப்பா ஒரு பையோடு வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

அட்டைகளை அப்பா ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தார். "மொம்பாசாவ நான் கண்ணால பார்த்ததில்ல. எனக்கே தெரியாம என்னைச் சுத்திக் காமிச்சிருக்காரு மனுசன்." அம்மா சிரிக்கவில்லை. மூன்று வெறும் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்.

அட்டைகளை அங்கிளின் மேசையில் வரிசையாக வைத்தார். குரல் உயரவில்லை.

"ஊர் பேர் போட்டது பரவால்ல, அண்ணே. புள்ளத்தாச்சிகிட்ட அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த மூணும் எதுக்கு? வராரு, வராருன்னு வாசல்ல கெடந்தேன். வரலன்னதும் முழுகிட்டாருன்னே நெனைச்சேன்."

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். வேண்டுமென்றே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர பிழைதான், தங்கச்சி."

அம்மா திரும்பி நடந்தார். நான் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் பார்த்தார். அதன்பின் அம்மா அவரோடு பேசவில்லை. அப்பா கப்பலை விட்டு லோரி ஓட்டப் போனதால் அந்த அலுவலகத்துக்குப் போகும் தேவையும் இல்லாமல் போனது. இறுதிச் சடங்குக்கும் அம்மா வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் பிரிக்பீல்ட்ஸில் அவரைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தார். ஓய்வு பெற்றிருந்தார். முடி முழுவதும் வெளுத்திருந்தது. பேச்சோடு பேச்சாக, அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"என்னில கோவிச்சா அவவுக்குச் சுகம், பிள்ளை. நான் பிரிக்பீல்ட்ஸில, அவ கிள்ளானில. உன்னில கோவிச்சா ஒரே வீட்டுக்க இருக்கோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போனார். எனக்கு அது வசதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வசதியில் இருந்தேன். பதினொரு வயதுச் சிறுமியிடம் அவர் கேட்ட கேள்வி சரியா என்று பல முறை யோசித்திருக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதற்கான விலையை அவரே கொடுத்தார், என்னிடம் கேட்காமல்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஓர் அட்டை. அவர் கையெழுத்தில் ஒரு தேதி. நூல் பழுத்துவிட்டது. தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. என் அறையில் ஆணி இல்லை, சன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். காற்று வந்தால் ஆடும். தனி அட்டை என்பதால் சத்தம் வருவதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "வெறும் அட்டை குடுங்க" என்ற இடத்தில் அவர் கை நின்றது. நான் நிறுத்தவில்லை. முடித்ததும் கீரையை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "முப்பத்தொண்ணு என்னைக்கு?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். மீதிக் கீரையை நான் ஆய்ந்து கொடுத்தேன். மாலைப் பஸ்ஸில் திரும்பி வந்து இந்தக் கடைசிப் பத்தியைச் சேர்த்தேன்; இன்று இந்தத் தாள்களை இராசம்மா ஆன்டியிடம் கொடுக்கிறேன்.