சிலுவை கர்வாலோ களனி ஆறு பார்த்த நாள்

சங்கு குளிக்கிறவர்களில் சிலுவை கர்வாலோவைப் போன்ற தைரியசாலி கிடையாது என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டால் சிலுவைக்கே சிரிப்பு வரும். இருபது வருஷமாகக் கடலில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பயமாகத்தான் இருந்திருக்கிறது. பயமே இல்லாமல் குளித்தவர்கள் இரண்டு பேரை அவர் அறிவார். இரண்டு பேருடைய பெயரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருந்தது.

பயத்துக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது மைத்துனர் ரோச்சை. முத்தோ சங்கோ, குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பது அந்தக் கரையின் வழக்கம். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் மேலே இழுக்க வேண்டும். வராதவரை கயிற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது. கூடப்பிறந்தவள் விதவையாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட ஏற்பாடு. கரையில் ரோச்சும் சிலுவையும் வாரத்துக்கு மூன்று சண்டை போடுவார்கள். ஒருவர் தண்ணீருக்கு மேலும் மற்றவர் கீழும் போய்விட்டால் அப்படியொரு ஒற்றுமை.

குளி இல்லாத மாதங்களில் இருவருக்கும் கொழும்புத் தோணியில் வேலை. 1949 கடைசியில், கருவாடும் வெங்காயமும் ஏற்றிப்போன தோணி கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சரக்கு இறக்க ஆள் வராது. தோணிக்காரர்கள் கரையிறங்கலாம் என்று துறைமுக வாசலில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்கள். மாலை ஆறு மணிக்குள் சீட்டும் ஆளும் சேர்ந்து திரும்ப வேண்டும். அந்த வருஷம் இலங்கையில் சட்டம் இறுகியிருந்தது. சீட்டில்லாமல் அகப்பட்டவனைக் கள்ளத்தோணி என்று எழுதி முகாமில் அடைத்துவிடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் தோணி பாய் விரித்துவிடும், யாருக்காகவும் நிற்காது.

சிலுவை வழக்கம்போல் தோணியிலேயே படுத்திருக்கலாம். காலில் கட்டி வந்து நடக்கமுடியாமல் கிடந்த ரோச்தான் வாயைக் கொடுத்தார்.

"பதினெட்டுத் தடவ கொழும்பு வந்துட்டீரு மச்சான். கிட்டங்கியையும் கிரேனையும் தவிர என்னத்தப் பாத்தீரு? ஒத்தையில ஒரு தெரு தாண்டுவீரா?"

சிலுவை வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். சீட்டை நாலாக மடித்துப் புகையிலை டப்பாவுக்குள் வைத்து அழுத்தி மூடினார். டிராம் ஏறிக் கிராண்ட்பாஸில் இறங்கினார். அங்கே களனி ஆறு ஓடுகிறது, படகில் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது. டிராமில் இருந்த நேரம் முழுக்க டப்பாவை நாற்பது தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பார்.

படகுக்காரர் பொடியப்பு, ஐம்பதைத் தாண்டிய சிங்களவர். படகேறுகிறவர்களிடம் பழகிய தமிழ் கொஞ்சம் வைத்திருந்தார். ஆற்றில் மேலே புத்த விகாரைவரை போய்த் திரும்பலாம் என்று பேச்சு முடிந்தது. படகில் கால் வைத்த நிமிஷத்திலேயே சிலுவைக்கு அந்த ஆற்றைப் பிடிக்கவில்லை. கடல் எதைச் செய்தாலும் சத்தம் போட்டுவிட்டுச் செய்யும். இது தேயிலைத் தண்ணீர் நிறத்தில், வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் சங்கு கிடப்பதை மேலிருந்தே பார்த்துவிடும் கண்ணுக்கு இங்கே ஒரு சாண் கீழே எதுவும் தெரியவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். உப்பில்லை. உப்பில்லாத தண்ணீர் ஆளைத் தூக்காது என்பது ஞாபகம் வந்ததும் படகின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

காட்சி என்னவோ அழகுதான். இரு கரையும் தென்னை. படித்துறையில் துணி துவைக்கிற பெண்கள். மரக்கிளையிலிருந்து குதிக்கிற பிள்ளைகள். இவ்வளவையும் பின்னாளில் அவர் ஊரில் நன்றாகவே வர்ணித்தார். பார்த்த சமயத்தில் அவர் மனத்தில் இருந்ததெல்லாம் சேற்றில் கிடந்த ஒரு வால்தான். ஆள் நீளம் இருக்கும் ஒரு பிராணி, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. முதலையா என்று கேட்டார். கபரக்கொய்யா, பெரிய உடும்பு ஜாதி, ஒன்றும் செய்யாது, இந்த ஆற்றில் முதலையே கிடையாது என்று பொடியப்பு உறுதி சொன்னார். சிலுவை நம்பினார். நம்பாமல் அங்கே உட்கார்ந்திருக்க வழியில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு படித்துறையில் படகைக் கட்டினார்கள். ஓலைப் பந்தலுக்குக் கீழ் ஒரு பெண் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மியில் மிளகாய் அரைத்த கட்டைச் சம்பல், சிவப்பாக. சிலுவைக்கு இங்கே வேறொரு பயம் ஆயத்தமாக இருந்தது. தோணி ஏறும்போதெல்லாம் அவர் மனைவி அமலோற்பவம் ஒரே எச்சரிக்கையைத்தான் சொல்லுவாள்: "அங்கன உள்ளவ கையால பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிச்சிராதிய. வசிய மருந்து வச்சிருவா. பொறவு அங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

ஆப்பக்காரிக்குச் சிலுவைமேல் எந்த நாட்டமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைதேர்ந்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பொடியப்புவை முதலில் சாப்பிடச் சொன்னார். பொடியப்பு நான்கு ஆப்பம் தின்று ஏப்பம் விட்டார். சிலுவை மனத்துக்குள் மங்களவார்த்தை ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லும்வரை பொறுத்திருந்து, அவருக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார். ஒன்றுமில்லையாம், இதே பந்தலில் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறாராம், இந்த ஆற்றை விட்டு எங்கும் போனதில்லையாம். அதைக் கேட்ட சிலுவைக்கு மறுபடி திக்கென்றது. ஆனால் பசி, பயத்தைவிடச் சின்ன விஷயமில்லை. ஐந்து ஆப்பம் உள்ளே போயிற்று. ஊரில் அதைப்போல் ஆப்பம் தின்றதில்லை என்பதை அவர் அமலோற்பவத்திடம் கடைசிவரை சொல்லவில்லை.

படகுக்குத் திரும்பி ஏறி, புகையிலை போடலாமென்று டப்பாவை மடியிலிருந்து எடுத்தார். அந்தச் சமயம் பார்த்துக் கரைப்புதரில் கிடந்த ஒரு கபரக்கொய்யா தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. சிலுவை துள்ளியதில் டப்பா கையை விட்டுப் போயிற்று. ஒரு சின்னச் சத்தம். அதற்குப்பின் ஆறு பழையபடி வாயை மூடிக்கொண்டது.

முகாம், கம்பிவேலி, பாய் விரித்துப் போகிற தோணி எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்தன. மணி இரண்டரை. டப்பா இறுக்கமானது, உடனே எடுத்தால் சீட்டுப் பிழைக்கும். ஆழம் இரண்டு ஆள், மூன்று ஆள் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கை அவர் ஒரு மூச்சில் தூங்கிக்கொண்டே போய்வருவார். சிக்கல் ஆழத்தில் இல்லை. கயிறு பிடிக்க மச்சான் இல்லை.

சட்டையைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, கட்டுக்கயிற்றை இடுப்பில் முடிந்து மறுமுனையைப் பொடியப்புவிடம் கொடுத்தார். இந்த மனிதரிடம் உயிரைக் கொடுக்கலாமா என்று முகத்தைப் பார்த்தார். ஒன்றை மட்டும் சொன்னார்.

"நான் சுண்டுனா இழும். சுண்டாத வரைக்கும் தொடாதேயும்."

படகில் கிடந்த நங்கூரக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே இருட்டு. சேறு முழங்கைவரை வாங்கியது. விரலால் துழாவ ஆரம்பித்த கணத்தில் இடுப்பில் கயிறு வெட்டி இழுத்தது. அடுத்த கணம் அவர் மேலே வெளிச்சத்தில் இருந்தார். அவர் சுண்டவேயில்லை. பொடியப்பு, மாத்தயா, அதாவது ஐயா, செத்துப்போனதாக நினைத்தாராம். சிலுவை விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கினார். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக மேலே வந்தார். பொடியப்பு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, என் படகில செத்தா என்னைப் பொலிஸ் பிடிக்கும்."

இருபது வருஷம் தன் பயத்தைப் பழக்கிவைத்திருந்த சிலுவைக்கு அடுத்தவர் பயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோச் பொறுமையாக நின்றது பாசத்தால் மட்டுமல்ல, நிற்கத் தெரிந்ததாலும்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மூன்றாம் தடவை தண்ணீருக்குள் போனதும் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தன் போக்கில் விட்டுவிட்டார்.

அதன்பின் கீழே நடந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கல்லை விட்டார். ஆற்றோட்டம் அவரை ஒருபக்கமாகத் தள்ளியது. மேலே எது, கீழே எது என்று ஒரு சமயம் தெரியாமல் போயிற்று. வழுவழுவென்று ஏதோ தொடையில் உரசிவிட்டு நகர்ந்தது. அலறுவதற்கு வாய் திறந்தால் தண்ணீர்தான் வரும் என்பதால் அலறவில்லை. சேற்றுக்குள் ஒரு வேருக்கு அடியில் விரல்நுனியில் தகரம் பட்டது.

அவர் தலை வெளியே வந்தபோது பொடியப்பு வெறுங்கயிற்றின் நுனியை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு உரக்க அழுதுகொண்டிருந்தார். படித்துறைப் பெண்கள் துணியை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்கள். ஆப்பக்காரி முதல்முறையாகச் சிலுவையை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

புகையிலை ஊறியிருந்தது. சீட்டின் ஓரங்கள் பழுப்பாகியிருந்தன. முத்திரை இருந்தது, பெயரில் "கர்வாலோ" கரைந்து "சிலுவை" மட்டும் நின்றது.

துறைமுக வாசலுக்கு அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. காதில் சேறு, தலையில் பாசி, வெள்ளைச் சட்டை மட்டும் உலர்ந்து விறைப்பாக. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு இதென்ன கோலம் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் சிலுவை நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி சீட்டைக் கீழே வைத்தார்.

"களனியிலயா இறங்கினீர்? போன மாசம் அந்தப் பக்கம் ஒரு மாட்டை முதலை இழுத்துக்கொண்டு போனதே."

சொல்லிக்கொண்டே பதிவேட்டில் குறித்து, சீட்டை மற்றச் சீட்டுகளோடு கட்டில் செருகி, உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினார். சிலுவை அசையவில்லை. வாசற்காவலாளி தோளைத் தொட்டபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யார் கை என்று பார்க்காமல் வாங்கிக் குடித்தார். மணி ஆறடித்து, கதவைப் பாதி சாத்திவிட்டு அவருக்காகக் காத்து நின்றார்கள். சீட்டு நேரத்துக்கு உள்ளே போய்விட்டது. கால்கள் வந்துசேர இன்னும் கால்மணி நேரம் ஆயிற்று.