ஒன்பதாவது அடியில் சிப்ரியான்

முன்னறையில் கொத்தனாரின் கரண்டி செங்கல்லைத் தட்டியது. சமையற்கட்டில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்த நோரின் பெரியம்மா கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அப்பா சொல்லிச் சொல்லி, நானே பார்த்தது போலாகிவிட்டது.

"நிறுத்துங்க தம்பி! அங்க சுவர் வேணாம்!"

அவளுடைய கொழுந்தன் பிரோஸ்பெர்தான் என் அப்பா. கல்யாணம் நிச்சயமானதும், தாத்தா விட்டுப்போன வீட்டில் தன் பாதியைப் பிரித்துக்கொள்ள வந்திருந்தார்.

"பாதி பாதின்னு நீங்கதானே தலையாட்டினீங்க அண்ணி?"

"ஆட்டினேன். அப்போ படத்தை நெனைக்கல."

கோடிச் சுவரில் தொங்கிய அந்தப் படம், ஒரு கோடைக்காலம் மாடியறையில் தங்கிய ஓவியர் விடைபெறும்போது கொடுத்தது. எங்கள் விரிகுடா, பைன் மரங்கள், ஒரு படகு. வண்ணங்களை அவர் குழைக்கவே மாட்டாராம். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள். தூரிகையின் ஒவ்வோர் ஒற்றலும் தனித்தனியாக நிற்கும். "கலக்கறது உங்க கண்ணோட வேலைம்மா" என்று சிரிப்பாராம்.

எத்தனை அழகான கோடை அது! தக்கைத் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் நோரினைப் பார்த்துப் பெரியப்பா சிப்ரியான் படகிலிருந்து கையாட்டுவார். அந்த டிசம்பரில் வடக்கிலிருந்து சீறும் மிஸ்த்ரால் காற்று படகை மட்டும்தான் கரைக்குத் தள்ளியது. அவருக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது.

அப்பா படத்தருகே போய்ச் சிரித்தார். "இது என்ன அண்ணி, அம்மை வார்த்த முகமா?"

"பக்கத்துல நின்னா அப்படித்தான். பின்னால போங்க. இன்னும்... இன்னும்..."

எட்டு அடி வரை புள்ளிகள்தான். ஒன்பதாவது அடியில் கடல் மினுங்கியது. படகில் ஒருவன் இடது தோளைச் சாய்த்து நின்றான். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணன்! அந்தத் தோளைப் பாருங்க அண்ணி..."

"சுவர் வந்தா எனக்கு நாலடிதான் மிச்சம் தம்பி. நாலடியில அவர் இல்ல. வெறும் சாயம்தான்." அவள் தேம்பினாள்.

கொத்தனார் மூக்கை உறிஞ்சினார். "அழுது முடிச்சா சொல்லுங்க. சுண்ணாம்பு காயுது."

சுவர் எழும்பத்தான் செய்தது. வரப்போகிற என் அம்மாவுக்கும் ஒரு வீடு வேண்டுமே. ஆனால் படத்துக்கு நேராக அதில் ஒரு கதவு வைத்தார் அப்பா.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பெரியம்மா அந்தக் கதவைத் திறந்து எங்கள் பக்கம் வருவாள். கணப்போரம், திறந்த கதவு வழியே படம் தெரியும்படி, ஒன்பதாவது அடியில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. அப்போது யாரும் குறுக்கே போகக்கூடாது; நான் மேசைக்கடியில் தவழ்ந்துதான் போவேன். இருபத்திரண்டு வருடம். அவளுக்கு நரைத்தது, அவருக்கு மட்டும் என்றும் முப்பது வயது.

"வரேன் தம்பி."

"இன்னும் கொஞ்சம் இருங்களேன் அண்ணி." அப்பாவின் கண் படத்திலேயே இருக்கும்.

"போதும். நீங்களே பாத்துட்டிருந்தா நான் எப்போ அவரோட பேசறது? பாக்கத்தான் ஒன்பதடி; பேச நாலடி போதும்."

சிரித்தபடி தன் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.