செல்வண்ணனிடமிருந்து பதில் வந்தது

இன்று காலை ஒரு மடத்தனம் செய்தேன்.

எங்கள் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை. பழக்கத்தில், "அண்ணே, லைட் எரியல" என்று செல்வண்ணனுக்கு வாட்சாப் அனுப்பிவிட்டேன்.

தண்ணீர்மலைப் பக்கம் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். விளக்கோ சாக்கடையோ, முப்பது வருடமாக அவரிடம்தான் சொல்வோம். மாநகர் மன்றத்தில் போய் நின்று சொல்லிவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போன மாதம் அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பாடு பரிமாறியதே நான்தான்.

உடனே பதில் வந்தது.

"கம்பம் நம்பர்?"

உயிரோடு இருந்தவரை, எந்த விளக்குக் கம்பம் என்று அதன் எண்ணைத்தான் அவர் எப்போதும் முதலில் கேட்பார்.

கடைக்கு ஓடினேன். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய போன்.

"அக்கா, நீங்களா?"

"செத்துட்டாருன்னு சொன்னா அழறாங்க தம்பி. கம்பம் நம்பர் கேட்டா வேலையாவது நடக்குதுலா."

போனைக் கல்லாமேல் வைத்தார்.

"நேத்து எங்க வீட்டு முன்னால உள்ள லைட்டும் எரியல. நானும் மறந்துபோய் என் போன்லேருந்து அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன். பக்கத்துல இருந்த இந்தப் போன் அடிச்சுச்சு."

"அப்புறம் என்னக்கா பண்ணீங்க?"

"எங்கிட்டயே கம்பம் நம்பர் கேட்டேன்."

இன்னும் அவருக்கு மெசேஜ் போடுகிறவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். நம்பரை மட்டும் முதலிலேயே எழுதிவிடுங்கள். அக்காவை அதைக் கேட்க வைக்காதீர்கள்.