எதை மிதக்க விடுவது

அப்பா போன இருபத்திரண்டாம் நாள், அவர் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய மகள், ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஆர்டர் போட்ட தேதியைத் தேடிப் படித்தாள். அவளும் அப்பாவும் கடைசியாகப் போனில் பேசியதற்கு மறுநாள் அது.

உள்ளே டிரான்ஸ்பார்மர் இருந்தால், அவள் சொன்னதை அப்பா சரியாகப் புரிந்துகொண்டார் என்று அர்த்தம். இல்லையென்றால், அவரைக் கொன்றது அவள் வாய்.

அப்பா வீட்டு முன்னறையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ரேடியோவில் ஆரம்பித்து, டிவிக்கு வந்து, கடைசிப் பத்து வருடம் தையல் மெஷின் மோட்டார்களை ஓட்டும் மின்னணுப் பலகைகள். எதைக் கொண்டுபோனாலும் "நாளைக்கு வாங்க" என்பார். மற்ற கடைகளில் நாளைக்கு என்றால் நாலு வாரம். இவரிடம் நாளைக்கு என்றால் நாளைக்கே. அதனால் 'நாளைக்காரர்' என்று பெயர். திருகாணிகளை மாத்திரை டப்பா மூடிகளில் போட்டு வைப்பார். மின்சாரம் ஓடும் பலகையைத் தொடும்போது இடது கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்வார். ஒரு கை மட்டும் வேலை செய்தால் ஷாக் நெஞ்சைத் தாண்டாது. மகள் வெளியூரில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, "வீட்ல ரெண்டு மெக்கானிக் ஆயாச்சு. இனிமே ஃபியூஸ் தாங்காது" என்றார்.

கடைசிப் போனில் சலித்துக்கொண்டார். தையல்கார அம்மாவின் பலகை வந்திருக்கிறது. மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பை அதில் மாட்டினாலே பிரேக்கர் விழுகிறது. வீட்டு மின்சாரம் நேராக ஏறும் பலகை அது. ஸ்கோப்போ எர்த்தோடு கட்டுண்டது. விழத்தான் செய்யும்.

அவள் கூடத்தில் அப்போது ஒரு வேலையின் நடுவில் இருந்தாள். "மிதக்க விட்டுட்டுப் பாருங்கப்பா" என்றாள்.

எதை என்று சொல்லவில்லை. பலகையைத்தான் மிதக்க விட வேண்டும்; நடுவே ஒரு தனி டிரான்ஸ்பார்மரை வைத்து, வீட்டு மின்சாரத்திலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். அவள் கூடத்தில் வேறு அர்த்தமே கிடையாது. ஆனால் பழைய கடைகளில் இன்னொரு வழி உண்டு. ஸ்கோப் பிளக்கின் எர்த் முள்ளை அறுத்துவிடுவது. அப்போது மிதப்பது ஸ்கோப். பிரேக்கர் விழாது. ஆனால் ஸ்கோப்பின் இரும்பு உடம்பு முழுக்க மின்சாரம் ஓடும்.

"அந்தப் பழைய வைத்தியமா?" என்று அப்பா சிரித்தார். "இன்ஜினியரம்மாவே சொல்லியாச்சு, அப்புறம் என்ன."

அவளும் சிரித்தாள். போனை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஷாக் அடித்தபோது அப்பாவின் வலது கை ஸ்கோப்பின் மேல் இருந்தது. இடது கை சட்டைப்பையில்தான் இருந்தது. முழங்கை மட்டும், தண்ணீர்க் குழாயோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரியில் பட்டிருந்தது. அவள் வந்து சேர்ந்தபோது பிளக்கில் இரண்டு முள்தான். வெட்டுவாய் பளபளவென்று இருந்தது. பித்தளை நாள்பட்டால் மங்கிவிடும். இது மங்கவில்லை.

இப்போது பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய கணமே தெரிந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் என்றால் இரும்பும் செம்பும், ஒரு கையால் தூக்க முடியாது. இது மூன்று கிலோ தேறாது.

ஆனாலும் கை நிற்கவில்லை. மூலைகள் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். டேப்பைக் கத்தி ஆழமாக இறங்காமல் கீறினாள். மேலே காகிதம், அதன்கீழ் நுரை. நுரைக்கு அடியில் சின்னதாகவாவது எதுவும் இருக்காதா என்று விரலை விட்டுத் துழாவினாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று கிடைத்தது.

புது ஸ்கோப். அவ்வளவுதான்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "என்ன அது?"

"ஸ்கோப்மா. பழசு மங்கலா தெரியுதுன்னு வாங்கியிருக்காரு போல."

"கண்ணுதான் மங்கிருச்சுன்னு நான் சொன்னேன். கேட்டாத்தானே."

மகள் தரையிலேயே உட்கார்ந்தாள். சொல்லிவிட்டாள். போனில் சொன்னது, சொல்லாமல் விட்டது, முள், அலமாரி, எல்லாம். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

அம்மா நுரைத்துண்டைக் கையில் எடுத்தாள்.

"ரம்பத் தகடு எங்கேன்னு கேட்டாரு. ரெண்டு நாளா தேடுறாரு. நான்தான் டிராயர்லேர்ந்து எடுத்துக் குடுத்தேன். 'எதுக்கு'ன்னு கேட்கலை."

மகள் எழுந்து புது ஸ்கோப்பை மேஜைமேல் வைத்தாள்.

வெயிலில் வண்டியில் கிடந்து வந்த கருவி. உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டாள். பின்புறத்தில் மின்னழுத்த அளவையும் ஃபியூஸையும் பார்த்தாள். காற்றுத் துளைகள் சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தாள். இரும்பு அலமாரியைக் குழாயிலிருந்து கழற்றி அறைக்கு வெளியே இழுத்துப் போட்டாள். மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் முள்ளிலும் மறுமுனையை ஸ்கோப்பில் வயர் மாட்டும் உலோக வளையத்திலும் வைத்தாள். மீட்டர் கீச்சென்றது. தொடர்பு இருக்கிறது. சுவர்ச் சாக்கெட்டிலும் எர்த் இருந்தது. அதையும் இரண்டு முறை அளந்தாள். மூன்றாவது முறையும்.

பழக்கத்தில் இடது கை பையைத் தேடியது. அவள் போட்டிருந்த உடையில் பையில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். திரை எரிந்தது. அம்மா கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஆளிருக்கா?" என்று வெளியே குரல். தையல்கார அம்மா. துக்கத்துக்கு வந்துபோனவள்தான். இன்று தயங்கித் தயங்கி வந்திருந்தாள்.

"கேட்கக் கூடாதுதான் பாப்பா. மெஷின் நின்னு ஒரு மாசம் ஆச்சு. நீ பார்ப்பேன்னு உங்கம்மா சொன்னாங்க."

"பார்க்கிறேன்கா. ஒரு டிரான்ஸ்பார்மர் வரணும். வந்து ரெண்டு நாள்ல தரேன். மொத்தம் பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? உங்கப்பாவா இருந்தா நாளைக்கே..." என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்தினாள்.

"ஆமாக்கா," என்றாள் மகள். "நாளைக்கே குடுத்திருப்பாரு."

தையல்கார அம்மா போன பிறகு மகள் டிரான்ஸ்பார்மருக்கு ஆர்டர் போட்டாள். பழைய ஸ்கோப்பின் வயரை உடம்போடு ஒட்ட வெட்டினாள். யாரும் இனி அதை எங்கும் செருக முடியாது. பெட்டியின் அட்டையில் ஒரு துண்டு கிழித்து, அப்பாவின் தடித்த பேனாவால் எழுதினாள்:

பலகையை மிதக்க விடு. ஸ்கோப்பை மிதக்க விடாதே.

மேஜைக்கு மேலே, சுவரில் ஒட்டினாள்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதை யாரு படிக்கப்போறா?"

டேப்பின் ஒரு மூலை சுவரில் ஒட்டாமல் எழும்பிக்கொண்டே இருந்தது. மகள் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.