கதவுக்கு வெளியே குரைத்தது

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓவேலி எஸ்டேட்டுக்கு வந்த புதிது. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடியடியில் ஒரு மான்குட்டி தனியாகப் படுத்திருந்தது. மேலே காட்டுக்குள் நாய் குரைப்பது கேட்டது. கடித்துவிடுமே என்று குட்டியைத் தூக்கிவந்து கதவைச் சாத்தினேன். குரைப்பு வீட்டருகே வந்துவிட்டது.

கொழுந்து பறித்துத் திரும்பிய நாத்தனார் செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏனுங்க அண்ணி, பெத்தவளயே வெளிய நிறுத்திட்டீங்களே. இது கேளையாட்டுக் குட்டிங்க, குரைக்கிற மானுங்க. தாய் அப்படித்தான் குரைக்கும். வெரசா கொண்டுபோய் உடுங்க, அது வெறுத்துப் போயிருச்சுன்னா குட்டி பொழைக்காது.”

எடுத்த இடத்திலேயே விட்டு, ஜன்னல் வழியே பார்த்தோம். தாய் வந்ததும் குட்டி முட்டி முட்டிக் குடித்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழுதது தாய்.

இப்போது நானும் கொழுந்து பறிக்கப் போகையில் குட்டியைக் கண்டால் தொடாமல், அந்தச் செடி வரிசையைக் கடைசியில் பறிக்கிறேன். எங்கே குரைப்பு கேட்டாலும் செல்வி விடுவதில்லை: “அண்ணி, கதவு.”