ஸ்ட்ரம்பிள் முனைக்கு வழி

நேற்று இங்கே கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் நூலகத்தில் நகலெடுக்கும் இயந்திரம் சூடாகி, கருகியும் கருகாததுமான ஒரு தாள் வாசனை விட்டது. பத்துப் பக்கம் எடுக்கப் போனவன், போன வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இதே நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கிடங்கின் மாடியில் எனக்கு வேலை. அங்கே ஸ்கேனர் சூடானால் இதே வாசனைதான். பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து, திரையில் மவுஸால் கோடு கோடாக இழுக்க வேண்டும். பள்ளியில் பூகோளத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அங்கே யாரும் கேட்கவில்லை. வேல்ஸ் என்பது இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கும் பக்கத்து மேசைக் குணம் அண்ணனுக்கும் வந்தது வேல்ஸின் தென்மேற்கு மூலை, பெம்ப்ரோக்‌ஷயர். மூன்று பக்கமும் கடல். தெற்கே எண்ணெய்க் கப்பல்கள் நுழையும் நீண்ட துறைமுகம் என் பங்கு. வடக்கே பாறைக் கரையும், அது கடலுக்குள் மூக்கை நீட்டும் ஸ்ட்ரம்பிள் முனையும், எதிரே குட்டித் தீவில் நிற்கும் வெளிச்சவீடும் அவர் பங்கு. அண்ணன் பருத்தித்துறைக்காரர்; அவர் ஊரிலும் கடலுக்குள் நீளும் ஒரு முனையும் வெளிச்சவீடும் உண்டு. அந்த முனையை மட்டும் மூன்று நாள் இழுத்தார்.

அந்தத் தாளை அவர் கேட்டு வாங்கியது பிறகுதான் தெரிந்தது. அவர் தங்கை வதனி அந்த மாவட்டத்தின் நடுவே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் எட்டு மாதம். வேலையும் அறையும் தவிர எதையும் பார்க்கவில்லை. போனில் அழுதுகொண்டே இருந்தாளாம். அண்ணனின் அகதி விண்ணப்பம் முடியவில்லை. கனடாவை விட்டு நகர முடியாது.

ஒரு ஞாயிறு காலை, அந்த முனையைப் பார்க்கக் கிளம்பியிருந்த அவளுக்கு, திரையைப் பார்த்தபடி போனில் வழி சொன்னார்.

"பயப்பிடாத பிள்ளை. ரோட்டு ஒடுக்கமாத்தான் இருக்கும். கடல் உன்ர வலக்கைப் பக்கம் தெரிஞ்சா நீ சரியாப் போறாய்."

"ஓமண்ணை. ஒண்டும் தெரியேல்ல, ரெண்டு பக்கமும் வேலிதான்."

"இன்னும் கொஞ்சம் போ."

லைன் அறுந்தது. அரை மணி நேரம் அவர் மவுஸைத் தொடவில்லை. நான் இரண்டு காப்பி வாங்கி வந்து இரண்டையும் நானே குடித்தேன். பிறகு மணி அடித்தது. காற்றின் இரைச்சல் எனக்கே கேட்டது.

"வந்திட்டனண்ணை! வெளிச்சவீடு தெரியுது. எங்கட முனை மாதிரியே கிடக்கு!"

அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அவர் கைக்குப் பயணப் பத்திரம் வந்தபோது வதனி லண்டனுக்கு மாறியிருந்தாள். அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினார். "முனைக்குப் போகலையா அண்ணா?" என்றேன். "அவள் இல்லாத இடத்தில எனக்கென்ன அலுவல் தம்பி" என்றார்.

அந்த மாடியில் இப்போது மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள். அண்ணனும் இறந்துபோனார். எங்கள் கோடுகளுக்குப் பதில் வானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்துவிட்டன. முனையை அவர் மயிரிழை அளவு மேற்கே, கனடா இருக்கும் எங்கள் பக்கமாக இழுத்திருந்தார். சரிபார்க்கும்போது பார்த்தேன்; விட்டுவிட்டேன். இப்போது அதையும் திருத்திவிட்டார்கள்.